ஃபெல்ட் கிண்ணம் பழக எந்த வழி: தகடா, பந்தா, ஊசியா?

நெசவும் தையலும் இல்லாமல், வெந்நீர், சோப்பு, கைத்தேய்ப்பு ஆகிய மூன்றையே கொண்டு கம்பளியை ஃபெல்ட் எனும் கெட்டித் துணியாகப் பிணைத்துக் கிண்ணமாக்க முடிவது இழையின் அமைப்பினால்தான். ஒவ்வோர் இழையின் மேலும் நுனியை நோக்கிச் சாய்ந்த நுண்செதில்கள் இருப்பதால், தேய்க்கத் தேய்க்க இழை வேர்ப்பக்கமாகவே நகர்ந்து, திரும்பி வர இயலாமல் அண்டை இழைகளோடு சிக்கிக்கொள்கிறது. இந்தச் சிக்கலைக் கிண்ணமாக உருவாக்கப் பல வழிகள் உண்டு. புதிதாகப் பழகுபவர் எதில் தொடங்குகிறார் என்பதைப் பொறுத்தே கம்பளியை அவர் புரிந்துகொள்ளும் ஆழமும் அமைகிறது.

நான் முதலிடம் தருவது தகட்டு முறைக்கு. வட்டமாக வெட்டிய நெகிழித் தகட்டின் இருபுறமும் கம்பளியை மெல்லிய அடுக்குகளாக, ஓர் அடுக்கு நெட்டாகவும் அடுத்தது குறுக்காகவும் பரப்பி, ஓரத்தில் நீண்டிருக்கும் இழைகளை மறுபுறம் மடித்து, சோப்பு நீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். பிறகு பாயில் சுருட்டி உருட்ட வேண்டும். கிர்கிஸ்தானத்துப் பெண்கள் ஃபெல்ட் விரிப்புகளை நாணல் பாயில் சுருட்டி உருட்டுவதும் இதே வினைதான். கம்பளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்குவதால், படுத்த நிலையில் 20 செ.மீ. அகலம் வேண்டுமானால் தகட்டை 30 செ.மீ. அளவில் வெட்ட வேண்டும். மேற்பரப்பைக் கிள்ளிப் பார்த்து, இழைகள் தனித்து எழாமல் ஒரு தோலாகவே எழுந்தால், ஒரு புறத்தின் நடுவே துளை வெட்டித் தகட்டை எடுத்துவிடலாம்.

இந்த முறையின் உண்மையான சோதனை ஓரத்தில்தான் இருக்கிறது. என் முதல் கிண்ணத்தில் மடிப்பு இழைகளை அள்ளி வைத்ததாலும், தகட்டை எடுக்கத் தாமதித்ததாலும், வயிற்றைச் சுற்றி வயல் வரப்பைப் போல ஒரு தடிப்பு எழுந்து, எவ்வளவு தேய்த்தும் அமுங்கவில்லை. அடுத்த முறை ஓரத்தில் இழையைப் பாதியாகக் குறைத்து, தகட்டை எடுத்த உடனேயே உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக அந்த மடிப்பைத் தேய்த்தேன்; தடிப்பு வரவில்லை. வெட்டிய வாயையும் அப்போதே சோப்பு விரலால் நீவ வேண்டும். இல்லையேல் அது பிசிறாகவே நின்றுவிடும்.

பந்து முறை பார்வைக்கு எளியது: பந்தின் மேல் கம்பளியைச் சுற்றி, பழைய நைலான் காலுறைக்குள் இட்டு, வெந்நீரில் உருட்டித் தேய்த்தபின் இரண்டாக வெட்டினால் வரப்பே இல்லாத இரு கிண்ணங்கள் கிடைக்கும். ஆனால், கம்பளி சுருங்கிப் பந்தைத் தொட்டதும் அதற்குமேல் சுருங்க இடமிருக்காது. வெட்டியபின் மீண்டும் கையால் கசக்கி இறுக்காவிட்டால் கிண்ணம் தொய்ந்துவிடும். பலர் அந்தக் கடைசி உழைப்பை விட்டுவிடுகிறார்கள். சிறுவர்களோடு செய்ய இது ஏற்றது.

ஊசி முறையில் நீரே இல்லை. முள்வெட்டுகள் கொண்ட ஊசியால் குத்திக் குத்தி இழைகளைப் பிணைக்கிறோம். 36, 38, 40 என எண் கூடக் கூட ஊசி மெலியும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தித் தொடரலாம் என்பது இதன் பெரிய வசதி. எனினும், சுவர் முழுவதையும் ஊசியால் எழுப்புவது மிக மெதுவான வேலை. முடிந்த பின்னும் அது பஞ்சுபோல அமுங்கும். குத்திய நிலையில் சாய்த்தால் ஊசியும் ஒடியும். தகட்டில் செய்த கிண்ணத்தின் மேல் பூவோ கோடோ பதிக்க ஊசியே சிறந்தது. கிண்ணத்தையே செய்ய அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னிய கிண்ணத்தை வெந்நீரில் துவைத்து இறுக்கும் வழி, ஏற்கெனவே பின்னல் அறிந்தவர்களுக்கு மட்டுமே உரியது.

எந்த வழியானாலும் கம்பளித் தேர்வு முக்கியம். மெரினோ ஆட்டின் கம்பளி விரைவாகப் பிணையும், ஆனால் சுவர் மென்மையாக இருக்கும். கொரிடேல் ஆட்டின் சற்றுத் தடித்த கம்பளி தானே நிமிர்ந்து நிற்கும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறிப்பிட்டு விற்கும் கம்பளியில் செதில்கள் மழுங்கடிக்கப்பட்டோ மூடப்பட்டோ இருப்பதால் அது பிணையாது. நம் மேச்சேரி ஆட்டுக்கு இருப்பது கம்பளியன்று, முடி. நீலகிரி ஆட்டுக்கோ மெல்லிய கம்பளி உண்டு.

முடித்த கிண்ணத்தைச் சோப்பு போக அலசி, கடைசி நீரில் சிறிது வினிகர் சேர்த்துப் பிழிந்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் வடிவமாக இழுத்து நிழலில் உலர விடுங்கள்.