ஏற்காடு மலைக்கு ஹைப்ரிட் சைக்கிள்: வருஷக்கணக்கா ஓட்டிட்டு எழுதுறேன்

சேலத்துல இருந்துகிட்டு கியர் சைக்கிள் வாங்குற எல்லாருக்கும் மனசுக்குள்ள ஏற்காடுதான் இருக்கும், எனக்கும் அதான் இருந்துச்சு. ஷோரூம்ல போய் "மலை ஏறணும்ங்க"ன்னு சொல்லித்தான் இந்த ஹைப்ரிட்ட (ரோட்டு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவுல வர்ற ரகம்) எடுத்தேன். 21 கியர், முன்னாடி சஸ்பென்ஷன், ரெண்டு வீல்லயும் டிஸ்க் பிரேக், எந்த மலையா இருந்தாலும் ஏறிடும்னாங்க. கம்பெனி பேர் சொல்லப்போறதில்ல, ஏன்னா இந்த விலைக்கு வர்ற முக்காவாசி சைக்கிள்ல இதே சாமான்தான் போட்டு வருது. அஸ்தம்பட்டி, கோரிமேடு, ஓமலூர் ரோடுன்னு சமதரையில ஓட்டினா ஒரு குறை சொல்ல முடியாது, சீட்டு பரவால்ல, டயர் நல்லா உழைக்குது, பஞ்சர் ஆனதெல்லாம் ரோட்டோரத்து சீமைக்கருவேல முள்ளாலதான். அடிவாரம் தாண்டினாதான் இந்த சைக்கிளோட உண்மையான குணம் தெரியும்.

போன மார்ச் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை. கோடை மழை ஒண்ணு பெஞ்சு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு மலை மேல காப்பி பூத்திருந்துச்சு, அந்த வெள்ளைப் பூ ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், அப்புறம் வாடிடும். அதுக்காகவே குப்பனூர் வழியா ஏறி, மேல எஸ்டேட்டுக்குள்ள சுத்தி வர்ற 32 கிலோமீட்டர் லூப் ரோட்ட முடிச்சுட்டு, மெயின் ரோடு 20 கொண்டை ஊசி வளைவு வழியா இறங்கி வரலாம்னு பிளான். அதுக்கு முந்தின வாரம்தான் காசு குடுத்து ஃபுல் சர்வீஸ் பண்ணி வாங்கியிருந்தேன்.

குப்பனூர் ரோட்டுல வண்டி கம்மி, நிழல் அதிகம், ஆனா சில இடத்துல ஏத்தம் திடீர்னு செங்குத்தா வரும். அப்படி ஒரு ஏத்தத்துல பின்னாடி பெரிய பல்லுக்கு, அதாவது மிதிக்க லைட்டா இருக்கற பெரிய பல்சக்கரத்துக்கு மாத்தினேன், டக்குனு ஒரு சத்தம், பெடல் நின்னுபோச்சு. இறங்கிப் பார்த்தா செயின் பெரிய பல்லையும் தாண்டிக் குதிச்சு ஃப்ரீவீலுக்கும் (பின்வீல்ல இருக்கற பல்சக்கர அடுக்கு) ஸ்போக்குக்கும் நடுவுல போய் இறுகி உக்காந்திருக்கு. அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், செயின் உள்ள போகாம தடுக்கறதுக்குன்னே கம்பெனியில போட்டு அனுப்புறது, சர்வீஸ்ல அத கழட்டிட்டு திருப்பி மாட்டவே இல்ல. அதோட செயின பல்லு விட்டு பல்லு தள்ளுற டீரெய்லர் எவ்வளவு தூரம் உள்ள போகலாம்னு கட்டுப்படுத்துற லிமிட் ஸ்க்ரூவும் லூஸா விட்டிருக்காங்க. ஒரு ஸ்க்ரூ, அரை திருகு. அந்த அரை திருகு செய்யாததால ரோட்டோரத்துல உக்காந்து கை முழுக்க கிரீஸோட செயின இழுத்துகிட்டு இருந்தேன், ஸ்போக் ரெண்டுல ஆழமா வெட்டு விழுந்திருச்சு, டீரெய்லர் தொங்குற ஹேங்கர் உள்பக்கமா வளைஞ்சிருச்சு. ஹேங்கர சாஃப்டான அலுமினியத்துல செய்யறதே ஃபிரேம் உடையறதுக்கு முன்னாடி அது வளையணும்னுதான், அந்த வரைக்கும் அது வேலைய சரியா செஞ்சுது.

அப்புறம் பெரிய பல்லப் பக்கமே போக முடியல. பெரிய பல்லு இல்லாம இந்த சைக்கிள வச்சு மலை ஏறவே முடியாது, அதான் இங்க முக்கியமான விஷயம். 21 கியர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, ஆனா மலைக்கு அந்த நம்பர் முக்கியம் இல்ல, பல்லு எத்தனைங்கறதுதான் முக்கியம். இதுல முன்னாடி பெடல் பக்கத்து சின்ன சக்கரம் 28 பல்லு, பின்னாடி பெரிய சக்கரமும் 28 பல்லு. அதாவது ரொம்ப லைட்டான கியர்ல கூட ஒரு பெடல் சுத்துக்கு வீலும் முழுசா ஒரு சுத்து சுத்தணும், ஏத்தத்துல 2 மீட்டருக்கு மேல ஆளையும் சைக்கிளையும் முன்னால தள்ளணும். சேலம் 280 மீட்டர் உசரத்துல இருக்கு, அங்கிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும், நல்லா பழகின காலுக்கே இந்த கியர் இறுக்கம்தான். அடுத்த சின்ன பல்லுல மிதிச்சா முட்டி வலி எடுக்குது. கொட்டச்சேடு பக்கம் போறதுக்குள்ள தள்ளிகிட்டு நடந்த தூரம்தான் ஜாஸ்தி. திரும்பிடலாம்னு பார்த்தா பாதிக்கு மேல ஏறியாச்சு, அதனால மெதுவா மேல போயிட்டேன். போற வழியில சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியும், கீழ காப்பி வெள்ளையா பூத்துக் கெடக்கு, வாசனை மூக்க துளைக்குது, ஆனா லூப் ரோடு போற தெம்பும் இல்ல, சைக்கிள் மேல நம்பிக்கையும் இல்ல. ஒரு வருஷம் காத்திருந்து வந்தது இதுக்குத்தான், அந்த வயிறெரிச்சல் இன்னும் போகல.

இறக்கத்துல பிரேக். இத வாங்கப்போறவங்க இந்த இடத்த மட்டுமாவது நிதானமா படிங்க. இதுல இருக்கறது கேபிள்ல இழுக்குற டிஸ்க் பிரேக், எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யற ஹைட்ராலிக் இல்ல. டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்வுற பேடுல வெளிப்பக்கத்து பேடு மட்டும்தான் நகரும், உள்பக்கத்து பேடு அப்படியே நிக்கும், டிஸ்க்க வளைச்சுத்தான் அதுமேல அழுத்தும். பேடு தேயத் தேய ரெண்டு பக்கமும் கையால அட்ஜஸ்ட் பண்ணனும், அது தானா சரியாகிக்காது. இப்ப கணக்கு பாருங்க, ஆளும் சைக்கிளும் சேர்த்து 95 கிலோன்னு வச்சுகிட்டா, ஆயிரம் மீட்டர் இறங்கறதுல வர்ற சூடு 3 லிட்டர் பச்சத்தண்ணிய கொதிக்க வைக்கப் போதும். வேகமா போனா அதுல கொஞ்சத்த காத்து எடுத்துக்கும், வளைவுக்கு வளைவு புடிச்சுகிட்டே மெதுவா வந்தா கிட்டத்தட்ட எல்லாமே அந்த ரெண்டு சின்ன டிஸ்க்குலதான் இறங்கும். நானும் ஒரே பிரேக்க அமுக்கிப் புடிக்காம முன்னாடி பின்னாடின்னு மாத்தி மாத்தித்தான் புடிச்சு வந்தேன், வளைவுல நிறுத்தி ஆற வேற விட்டேன். அப்படியும் பாதி வழியில கருகுன வாசனை வந்திருச்சு, லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டுது, பேடு மேல கண்ணாடியாட்டம் பளபளன்னு ஒரு படலம், எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கிட்டுப் போகுது. வளைவுல பஸ்ஸு ரோடு முழுக்க எடுத்துத்தான் திரும்பும், அப்ப நாம நின்னே ஆகணும், நிக்க முடியலன்னா என்ன ஆகும்னு நினைச்சாலே இப்பவும் ஒடம்பு நடுங்குது.

தள்ளிகிட்டு வந்தேன். கீழ இறங்குற ஒரு டாட்டா ஏஸ் பக்கத்துல வந்து நின்னுச்சு.

"ஏன் தம்பி தள்ளிட்டு வர்றீங்க, பஞ்சரா?"

"இல்லீங்கண்ணா, பிரேக் பிடிக்கல."

"பிரேக் இல்லாமயா இந்த ரோட்டுல... பின்னாடி தூக்கிப் போடுங்க, அடிவாரத்துல எறக்கி விடறேன்."

டீ சாப்பிடக் கூட காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. அந்த அண்ணன் நல்லா இருக்கணும்.

மறுநாள் சர்வீஸ் பண்ணின எடத்துலயே போய்க் கேட்டா, "மலை ஏத்துனா அப்படித்தாங்க ஆகும்"னாங்க. மலை ஏத்தறதுக்குன்னு சொல்லித்தான வாங்கினேன்? அந்த பிளாஸ்டிக் தட்டு எங்கன்னு கேட்டதுக்கு பதிலே வரல. அதுக்கப்புறம் டவுன்ல சின்னதா கடை வச்சிருக்கற ஒரு மெக்கானிக்கிட்டதான் போறேன், அவர் ஸ்டாண்டுல தூக்கி மாட்டி ஒவ்வொரு கியரா நாமளே மாத்திப் பார்த்தப்புறம்தான் காசே வாங்குறாரு.

அவர் சொல்லித்தான் பின்னாடி 14-34 ஃப்ரீவீல் மாத்தினேன், அதே 7 கியர்தான், பெரிய பல்லு மட்டும் 34. செயினும் கொஞ்சம் நீளமா புதுசு போடணும், டீரெய்லரும் 34 பல்லு தாங்குறதா பார்த்து மாத்தணும். காலுக்கு ஆறுல ஒரு பங்குக்கு மேல பாரம் குறைஞ்சிருச்சு, முன்னாடி நின்னு மிதிச்ச ஏத்தத்த இப்ப உக்காந்தே ஏறறேன். பேடு மெட்டல்ல வர்ற சின்டர்டு போடலாம்னு பார்த்தா, டிஸ்க்லயே சின்ன எழுத்துல ரெசின் பேட் ஒன்லின்னு (மெட்டல் இல்லாத சாஃப்டான பேடு மட்டும்) அடிச்சிருக்கான், அதுல மெட்டல் பேடு போட்டா டிஸ்க்கே தேஞ்சுபோகும். அதனால டிஸ்க்கும் சேர்த்து ரெண்டு வீலுக்கும் மாத்த வேண்டியதாச்சு. வாங்கறதுக்கு முன்னாடி டிஸ்க் மேல என்ன எழுதியிருக்குன்னு ஷோரூம்லயே குனிஞ்சு பாருங்க, எந்த சேல்ஸ்மேனும் இத சொல்ல மாட்டாங்க.

சஸ்பென்ஷன்தான் இன்னும் பாக்கி. அத லாக் பண்ற வசதி இதுல இல்ல, ஏத்தத்துல மிதிக்க மிதிக்க முன்பக்கம் அமுங்கி அமுங்கி எழுந்திருக்குது, மிதிக்கிற பலம் பாதி அங்கயே வீணாப் போற மாதிரி இருக்கு, வெயிட்டும் ஜாஸ்தி. ஏற்காடு ரோடு தார் ரோடுதான, அதுக்கு இது தேவையே இல்ல. அடுத்த காப்பி பூக்கறதுக்குள்ள காசு சேர்த்து சஸ்பென்ஷன் இல்லாத சாதா ஃபோர்க் (முன்வீல தாங்குற கவட்டை) போட்டுட்டு, குப்பனூர் வழியாவே திரும்ப ஏறணும்.