பழைய லேப்டாப், புது மெஷ் ரூட்டர்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

பொங்கோலில் இருக்கும் நண்பர் ஒருவர், என் வீட்டில் ஓடும் அதே வைஃபை 6 மெஷ் ரூட்டர் ஜோடி (இரண்டு பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தருவது) விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். அவருக்கும் பழைய லேப்டாப்பில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடினால் போதும். ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லது. எங்கள் வீவக வீட்டில் ஃபைபர் இணைப்பு வாசல் பக்கம், அம்மாவின் அறை பாம் ஷெல்டருக்கு அந்தப் பக்கம். கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒழுங்காகப் போய்ச் சேராது. இரண்டாவது பெட்டியை ஷெல்டர் மறைக்காத மூலையில் வைத்த அன்றிலிருந்து மீவாட்ச்சில் அம்மா பார்க்கும் வசந்தம் நாடகங்கள் நிற்காமல் ஓடுகின்றன. அந்த நிம்மதிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அப்புறம் எரிச்சலூட்டும் ஓர் அமைப்பு. இந்த ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே வைஃபை பெயரில் காட்டி, எதில் சேர்வது என்று தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. புது போனுக்குச் சரி. பழைய லேப்டாப் 2.4-ஐப் பிடித்தால் விடாது, அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் 1, 6, 11 என்ற அதே மூன்று சேனல்களில்தான் முட்டி மோதுகின்றன. எச்டி வீடியோவுக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும், வீட்டுக்கு வருவதோ 1 ஜிபிபிஎஸ், ஆனாலும் வட்டம் சுற்றுகிறது! பெயர்களைத் தனித்தனியாகப் பிரித்து லேப்டாப்பை 5-இல் மட்டும் சேர்த்தால் உடனே சரியாகிறது. ஆனால் ரூட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு அந்த அமைப்பு தானாகவே பழையபடி ஒன்றாகிவிடுகிறது. நான் பிரித்து வைத்ததை என்னைக் கேட்காமல் மாற்ற இந்த ரூட்டர் நிறுவனத்தார் யார்? வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் அணைத்துப் போடுங்கள் என்பதைத் தவிர வேறு பதிலே இல்லை.

ரூட்டர் மேல் போடக்கூடாத பழியும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இன்டெல் 7260 போன்ற பழைய வைஃபை கார்டுகள், அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பிக்காவிட்டால், வைஃபை 6 நெட்வொர்க்கின் பெயரையே காட்டாமல் போகலாம். யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 என்ற சுருக்க வடிவ வீடியோக்களைப் பிரிக்க வன்பொருள் வசதி இல்லாத லேப்டாப்பில் எல்லாச் சுமையும் சிபியு தலையில் விழுகிறது, விசிறி அலறும், படம் தத்தித் தத்தி ஓடும். வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து பாருங்கள்: ஃபிரேம்கள் விடுபட்டுக்கொண்டே இருந்து பஃபர் (முன்கூட்டியே இறங்கி வைத்த வீடியோ) நிறைந்திருந்தால் கோளாறு லேப்டாப்பில். அப்போது, யூடியூபைப் பழைய எச்.264 வடிவில் வீடியோ அனுப்பவைக்கும் எச்264ஃபை என்ற இலவச பிரவுசர் நீட்சியைப் போட்டாலே பாதி தீரும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். அம்மாவின் நாடகம் ஓடுகிறதுதான், நானும் இதைத் தூக்கிப் போடப் போவதில்லை, ஆனால் நீங்கள் பிரித்தால் பிரித்தபடி இருக்கும் வேறொன்றை வாங்குங்கள், இருபது முப்பது வெள்ளி கூடப் போனாலும் பரவாயில்லை.