சர்க்கரை குறைத்த ஆரஞ்சு பானம்: குடித்துப் பார்த்தேன்

பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைத்தான் முதலில் படித்தேன். 100 மில்லிக்கு 4.5 கிராம் சர்க்கரை. முன்பு 10-க்கு மேல் இருந்தது. பிரிட்டன் 2018-இல் கொண்டுவந்த குளிர்பான வரி 5 கிராமில் தொடங்கும், 8-ஐத் தொட்டால் கூடும். அதனால் பல நிறுவனங்கள் வரி கட்டாமல் சர்க்கரையையே குறைத்துவிட்டன. குடிப்பவரைக் குறை சொல்லாமல் தயாரிப்பவரைத் திருத்துகிற வரி, எனக்கு அதுதான் பிடித்தது.

ருசி? முதல் மடக்கு அருமை. அப்புறம் நாக்கின் ஓரத்தில் இனிப்பூட்டியின் லேசான கசப்பு தங்குகிறது. நன்றாகக் குளிரவைத்தால் தெரியவில்லை. பல்லில் பழைய பிசுபிசுப்பும் இல்லை.

சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன். அரை லிட்டரில் இன்னும் 22 கிராமுக்கு மேல் இருக்கிறதே! மகளுக்கு எப்போதாவது ஒரு டம்ளர், சரி.