பாம்புத் தடுப்பு: தகடா, கம்பி வலையா, பொடியா? எது காசுக்குத் தகும்

பாம்பு நகர்வதற்கு முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். கல், புல், சுவரின் சொரசொரப்பு, மூலை என்று எதையாவது உடம்பால் பின்னுக்குத் தள்ளித்தான் அது முன்னே போகிறது. கடையில் விற்கும் தடுப்புப் பொருட்களை இதை வைத்தே எடைபோடலாம்.

வீட்டைச் சுற்றி வேலியாகப் போட முதலிடம் வழவழப்பான பிளெயின் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுக்கு. பாலிஷ் டைல்ஸ் தரையில் மாட்டிக்கொண்ட சாரையைக் கவனித்தால் காரணம் புரியும். உடம்பு முழுக்க அலை அலையாக நெளியும், இருந்த இடத்தைவிட்டு நகராது. சுவரோரம் சேர்ந்த மறுநொடி விறுவிறுவென்று ஓடும். தகட்டில் ஏறப் பார்க்கும்போதும் அதே வழுக்கல்தான். 0.5 மி.மீ. கனம் போதும். 8 அடிக்கு 4 அடித் தகட்டைப் படுக்கைவாட்டில் வைத்து, 6 அங்குலத்தை மண்ணுக்குள் இறக்கி, மேல்விளிம்பு வெளிப்பக்கம் வரும்படி தகட்டை நேர்க்குத்திலிருந்து 30 டிகிரி சாய்க்க வேண்டும். மீதி 42 அங்குலம் நேர் உயரத்தில் 36 அங்குலம் வரும். ஒன்றன்மேல் ஒன்று 2 அங்குலம் ஏற்றிப் பூட்டினால் 60 அடி நீள வேலிக்கு 8 தகடு பிடிக்கும்.

பொருளைவிட வேலையில்தான் கோளாறு அதிகம். கம்பங்களை வெளிப்பக்கம் நட்டால் பாம்பு அவற்றைச் சுற்றிக்கொண்டு ஏறிவிடும். உள்ளேதான் நட வேண்டும். போல்ட் தலை வெளியே துருத்தினால் அது ஒரு படி. வெளியிலிருந்து பார்க்கையில் உட்குழிந்த மூலை இருந்தால், இரண்டு பக்கமும் உடம்பை அழுத்தி, மடங்கி நீண்டு, மடங்கி நீண்டு மேலே போகும். அந்த மூலையை வளைவாக அமைக்கச் சொல்லுங்கள். மலிவு என்று நெளி தகடு வாங்க வேண்டாம். வேலிமேல் சாய்ந்த ஒரு செம்பருத்திக் கிளை போதும், செலவு முழுக்க வீண்.

6, 7 அடிச் சாரைக்கு இந்த உயரம் முழுத்தடை ஆகாது. விஷமில்லாத பாம்பு, எலி தேடி வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். கண்ணாடிவிரியன், கட்டுவிரியன் போன்ற விஷப்பாம்புகள்தான் நம் கவலை.

வழவழப்பாக இருந்தால் மட்டும் போதாது, பாம்பு சுற்றிப் பிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். குவாம் தீவில் பறவைக்கூட்டுக் கம்பங்களுக்கு 3 அடி உலோக உருளை மாட்டியிருந்தார்கள். அங்குள்ள பழுப்பு மரப்பாம்பு தன் உடம்பையே சுருக்குக் கயிறுபோல உருளையைச் சுற்றிப் போட்டு, மெதுவாக மேலேறியது. 2021-இல் இதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இங்கே வீட்டுச் சுவரில் இறங்கும் பி.வி.சி. குழாயில் கவலை வேறு: குழாய்க்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு. பாம்பு உடம்பைச் செருகி ஏற அது வசதி. சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

காற்றும் மழைநீரும் போக வழி வேண்டுமென்றால் கம்பி வலை. கண் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ., தாண்டக் கூடாது. கோழிவலையில் குட்டிப் பாம்பு நுழைந்துவிடும். வலையில் உடம்புக்குப் பிடி கிடைக்கும் என்பதால் வெளிச்சாய்வு இங்கே இன்னும் முக்கியம்.

நைலான் வலையை வாங்கவே வாங்காதீர்கள். செதில்கள் வாலை நோக்கிப் படிந்திருப்பதால், தலை நுழைந்த பாம்பு பின்வாங்கும்போது நூல் செதிலுக்கடியில் மாட்டும். முண்ட முண்ட இறுகும். வெயிலில் கிடந்தே சாகும். உயிரோடு சிக்கியிருந்தால் நீங்கள் வெட்டிவிடப் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாப்தலீன், கந்தகப் பொடிகளைப் பாம்பு தாண்டிப் போகும். கூரான ஜல்லியைச் சுற்றிக் கொட்டுவது இன்னும் வேடிக்கை: ஒவ்வொரு கல்லும் அதற்கு ஒரு முட்டு. மணல் பரப்பினாலும் பயனில்லை, சுருட்டைவிரியன் பக்கவாட்டில் உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து மணலில் சுலபமாகப் போகும்.

வேலிக்கு வசதி இல்லாதவர்கள் கதவடி ரப்பர் பட்டையிலும் குளியலறை நீர்ப்போக்கு மூடியிலும் முதலில் காசு போடலாம். மூடி திருகாணியில் பூட்டும் எஃகாக இருக்கட்டும். சும்மா வைக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தலையால் நெம்பிவிடும். ரப்பரை எலி கடிக்கும், ஆகவே மாதம் ஒருமுறை இரவில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லி உள்ளிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிறதா என்று கதவின் கீல் பக்கத்து மூலையையும் விடாமல் கவனியுங்கள்.