ரெண்டர் பனோரமாவில் தொட்டால் திறக்கும் இணைப்புகள்: மார்சிபானோ டூலா, பானெல்லமா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீட்டுக்கு உள்வடிவமைப்பு செய்து தருபவர்களிடம் வாடிக்கையாளர்கள் இப்போது 360 பாகைப் படம் கேட்கிறார்கள். ஹாலின் வாசலைத் தொட்டால் சமையலறைக்குப் போக வேண்டும், கேபினெட்டைத் தொட்டால் லேமினேட் விவரம் வர வேண்டும், எல்லாம் ஒரே வாட்ஸ்அப் இணைப்பில் இருக்க வேண்டும். தஞ்சாவூரில் இருக்கும் தாத்தா பாட்டியும் அதே இணைப்பைத் திறந்து பூசை மாடம் எந்தத் திசையில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ரெண்டர் மென்பொருள், அதாவது முப்பரிமாண மாதிரியிலிருந்து படம் உருவாக்கும் மென்பொருள், தருவது வெறும் படம். ஜேபெக் கோப்புக்குள் இணைப்பு எதுவும் உட்காராது. தொடுபுள்ளிகளை, அதாவது ஹாட்ஸ்பாட்களை, படத்தின் மேல் வைத்துக் காட்டுவது வியூவரின், அதாவது படத்தை உலாவியில் காட்டும் நிரலின், வேலை. அதற்கு இரண்டு இலவசக் கருவிகள் உண்டு. மார்சிபானோ அப்பாச்சி 2.0 உரிமத்திலும் பானெல்லம் எம்ஐடி உரிமத்திலும் கிடைக்கின்றன. இரண்டையும் வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம்.

முதலில் படம் சரியாக இருக்க வேண்டும். அகலம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்காக இருக்கட்டும். ரெண்டர் மென்பொருள் வீரே என்றால் கோளப் பனோரமா கேமரா, ப்ளெண்டர் என்றால் சைக்கிள்ஸ் எஞ்சினில் ஈக்விரெக்டாங்குலர் கேமரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கேமராவைத் தரையிலிருந்து 1.5 மீட்டரில் வையுங்கள். எல்லா அறைகளிலும் கேமரா ஒரே திசையைப் பார்க்கட்டும். இது ஏன் என்பது கீழே வருகிறது. விக்னெட் (ஓரம் இருட்டாவது), ப்ளூம் (வெளிச்சம் கசிந்து பரவுவது) போன்ற எஃபெக்ட்களை அணைத்துவிடுங்கள். அவை படத்தின் இடது, வலது விளிம்புகளைத் தனித்தனியாக மாற்றிவிடுவதால், இரண்டும் சேரும் இடத்தில் சுவரில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு தெரியும்.

மார்சிபானோ டூல் உலாவியிலேயே ஓடுகிறது. படங்களை இழுத்துப் போட்டால் அங்கேயே சிறு சிறு ஓடுகளாக, அதாவது சதுரத் துண்டுகளாக, வெட்டிக்கொள்ளும். அறை இணைப்பு, தகவல் புள்ளி இரண்டையும் சுட்டியாலேயே வைக்கலாம். முடிந்ததும் ஜிப் கோப்பாக இறக்கிக்கொண்டு எந்த சர்வரிலும் ஏற்றலாம். நிரல் எழுதத் தெரியாதவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஓடுகளாக வெட்டுவதால் பெரிய படமும் கைபேசியில் தடையில்லாமல் திறக்கும்.

குறை இரண்டு. தகவல் புள்ளியில் தலைப்பும் உரையும்தான் உண்டு, வெளி இணைப்புக்குத் தனிப் பெட்டி கிடையாது. லேமினேட் கடையின் பக்கத்துக்கு இணைப்பு வேண்டுமென்றால், இறக்கிய ஜிப்பில் இருக்கும் டேட்டா கோப்பைத் திறந்து உரைக்குள் எச்டிஎம்எல் இணைப்பை நீங்களே எழுத வேண்டும். இரண்டாவது குறை இன்னும் பெரியது: இறக்கிய வேலையை டூலுக்குள் மறுபடி திறந்து திருத்த முடியாது. வாடிக்கையாளர் சோபா நிறத்தை மாற்றச் சொன்னால், டூலில் புதிய ரெண்டரைப் போட்டுப் புள்ளிகளை முதலிலிருந்து வைக்க வேண்டியதுதான். உள்வடிவமைப்பில் நிறம் மாறாத வேலை எங்கே இருக்கிறது?

அதனால்தான் ரெண்டர் வேலைக்குப் பானெல்லத்தையே பரிந்துரைக்கிறேன். இதில் புள்ளிகள் எல்லாம் ஓர் உரைக் கோப்பில் இருக்கும், படம் தனியே இருக்கும். அதே பெயரில் புதிய ரெண்டரை மேலெழுதினால் போதும். கேமரா நகராதவரை ஒரு புள்ளியையும் தொட வேண்டியதில்லை.

ஒவ்வொரு அறையும் ஒரு சீன். புள்ளியின் வகையை 'சீன்' என்று கொடுத்தால் அது அடுத்த அறைக்குப் போகும். 'இன்ஃபோ' என்று கொடுத்து யூஆர்எல் சேர்த்தால் வெளிப்பக்கம் புதிய டேபில் திறக்கும். இடத்தைச் சொல்ல இரண்டு கோணங்கள்: இடவலத்துக்கு 'யா', மேல்கீழுக்குப் 'பிட்ச்'. ஹாட்ஸ்பாட் டீபக் அமைப்பை இயக்கிவிட்டுப் படத்தில் சொடுக்கினால் உலாவியின் கன்சோலில் இரண்டு எண்களும் வரும். அப்படியே எடுத்து ஒட்டலாம்.

படம் முழுதாக ரெண்டர் ஆகி வருவதற்கு முன்பே கணக்குப் போடவும் முடியும், ரெண்டர் வேலையில் இது பெரிய வசதி. ப்ரிவியூ படத்தில் புள்ளியின் கிடைமட்ட பிக்சலை மொத்த அகலத்தால் வகுத்து, 0.5 கழித்து, 360ஆல் பெருக்கினால் யா. மேலிருந்து எண்ணிய பிக்சலை உயரத்தால் வகுத்து, அதை 0.5இலிருந்து கழித்து, 180ஆல் பெருக்கினால் பிட்ச். 8192க்கு 4096 படத்தில் 6144, 2560 என்ற இடத்துக்கு யா 90, பிட்ச் −22.5. கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்து, 3 மீட்டர் தள்ளித் தரையில் புள்ளி வைத்தால் பிட்ச் −26.6. கேபிஆர்பானோ என்ற இன்னொரு வியூவரிலிருந்து எண்களை எடுத்து வருபவர்கள் கவனிக்க: அங்கே கீழ்நோக்கிய கோணம் நேர்மறை, இங்கே எதிர்மறை. குறியை மாற்றாவிட்டால் தரைப் புள்ளி கூரையில் போய் நிற்கும்.

கேமரா திசை விஷயத்துக்கு வருவோம். அடுத்த அறைக்குள் நுழையும்போது பார்வை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை 'டார்கெட் யா' முடிவு செய்கிறது. அதற்கு 'சேம்' என்று கொடுத்தால் இப்போது பார்க்கும் கோணமே தொடரும். எல்லாக் கேமராவும் ஒரே திசையில் இருந்தால்தான் இது சரியாக வேலை செய்யும். இல்லாவிட்டால் படுக்கையறைக்குள் நுழைந்தவர் அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏற்கெனவே வேறு வேறு திசையில் ரெண்டர் ஆகிவிட்டதா? ஒவ்வொரு சீனுக்கும் 'நார்த் ஆஃப்செட்', அதாவது கேமரா வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதைக் கொடுத்து, 'சேம்' இடத்தில் 'சேம் அசிமத்' பயன்படுத்துங்கள்.

நான்கறை வீட்டில் அதிகம் சொதப்பும் இடம் படுக்கையறை நடைவழி. ஹாலிலிருந்து பார்த்தால் கதவுகள் சில பாகை இடைவெளியில் நெருங்கி நிற்கும். 390 பிக்சல் அகலக் கைபேசியில், இயல்பான 100 பாகைப் பார்வையில் (திரையின் அகலத்தில் ஒரே நேரத்தில் தெரியும் கோணம்), திரையின் நடுவே ஒரு பாகைக்கு 3 பிக்சல்கூட வராது. 5 பாகை இடைவெளி என்றால் 14 பிக்சல்தான். புள்ளியின் சின்னம் அதைவிடப் பெரியது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கும். பார்வையை 70 பாகையாகக் குறைத்தால் ஒரு பாகைக்கு 5 பிக்சல் கிடைக்கும், ஆனால் அதுவும் போதாது. நடைவழியிலேயே ஒரு கேமராவை வைத்து ரெண்டர் எடுப்பதுதான் தீர்வு. ஹாலிலிருந்து நடைவழிக்கு ஒரே புள்ளி, அங்கிருந்து அறைகளுக்குத் தனித்தனிப் புள்ளிகள்.

படத்தின் அளவு: 4096 அகலத்தில் ஒரு பாகைக்கு 11.4 பிக்சல், 6000இல் 16.7, 8192இல் 22.8. முழு எச்டி கணினித் திரை 100 பாகைப் பார்வையில் நடுவே 14 பிக்சல் கேட்கிறது. ஆகவே 4096 மங்கலாகத் தெரியும், 6000 போதும். சாதனத்தின் வரம்பை மீறிய படம் என்றால் பனோரமா பெரிதாக இருக்கிறது என்ற செய்தி மட்டுமே வரும். பானெல்லத்திலும் ஓடுகளாக வெட்டலாம். அதற்குப் பைத்தான் ஸ்கிரிப்டும் ஹூகின் என்ற பனோரமா மென்பொருளோடு வரும் நோனா கருவியும் வேண்டும். மார்சிபானோ சில நொடியில் செய்வதற்கு இங்கே கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

எச்டிஎம்எல் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் படம் வராது. உலாவி பாதுகாப்புக்காகத் தடுக்கிறது, உங்கள் நிரலில் தவறில்லை. பைத்தானோடு வரும் சிறு சர்வரை ஓட்டிப் பாருங்கள். கணினியில் ஓடியது இணையத்தில் ஏற்றியதும் படம் வராமல் நின்றால், பெரும்பாலும் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்துதான் காரணம். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் சர்வர் விடாது. பெயர்களையெல்லாம் சின்ன எழுத்தில் வையுங்கள். தமிழில் விளக்கம் எழுதுவதானால் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்து, பக்கத்தின் தலையிலும் அதைக் குறிப்பிடுங்கள். 'ஆட்டோ லோட்' கொடுக்க மறந்தால் ஏற்றச் சொல்லும் பொத்தான் ஒன்று நடுவில் நிற்கும். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்ததும் படம் வரவில்லை என்று மூடிவிடுவார்கள்.