ப்ரூஜ் வாக்கிங் டூர், ஒரு பையோட கதைக்காகவே போகலாம்

பெல்ஜியம் போனப்போ ப்ரூஜ்ல ரெண்டு மணி நேர வாக்கிங் டூர் போனோம், சாக்லேட் கடை சர்ச் எல்லாம் வழக்கமானதுதான், ஆனா டெர் பர்ஸ வீட்டு முன்னாடி நின்னு கைடு சொன்ன கதைக்கே குடுத்த காசு சரியாப்போச்சு. வான் டெர் பர்ஸ குடும்பம் அங்க சத்திரம் நடத்த, இத்தாலி வியாபாரிங்கல்லாம் கூடி பேரம் பேச, அந்தப் பேரே பங்குச் சந்தைக்கு ஒட்டிக்கிச்சாம். பிரெஞ்சுல பூர்ஸ், ரஷ்யன்ல பிர்ஷா. வேர் லத்தீன் புர்சா, அதாவது தோல் பை, நம்ம பாட்டி சுருக்குப்பைன்னு வச்சுக்கோங்க. இத்தாலில போர்சான்னா இன்னிக்கும் ஹேண்ட்பேக்கும் அதான் ஸ்டாக் மார்க்கெட்டும் அதான், பிரெஞ்சுல ஸ்காலர்ஷிப்புக்கும் பூர்ஸ்தான்! கூட்டம் ஜாஸ்தி, மைக் வேற இல்ல, பின்னாடி நின்னா பாதி கேக்காது. 5க்கு 4.