வாட்ஸ்அப் குழுவா, அறக்கட்டளையா, காலாண்டுக் கடிதமா?

என் மாமனாரின் தகப்பனார் வழியில் இன்று நாற்பது வீடுகள் இருக்கின்றன. அருப்புக்கோட்டை அருகே சொந்த ஊரில் ஆறு வீடுகள். மதுரை, சென்னை, கோவையில் பெரும்பகுதி, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் மீதி. ஒரு வீட்டின் நல்லது கெட்டது மற்ற வீடுகளுக்குத் தெரிய வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும். இந்த இரண்டு காரியங்களுக்கும் மூன்று வழிகளை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். போன மாதம் என் ஓரகத்தியின் தங்கை, "எங்கள் குடும்பத்துக்கு எது சரிப்படும் அக்கா?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் கடிதத்தின் பக்கம் நிற்பவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப் குழுவின் வசதிகளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு அதற்கு இணை கிடையாது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, பெரிய மாமாவுக்கு ஆக்சிஜன் படுக்கை கிடைத்தது அந்தக் குழுவால்தான். மதுரையில் இருந்த ஒரு மருமகள் வழியாக இரண்டு மணி நேரத்தில் இடம் கிடைத்தது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

ஆனால் நிதி திரட்டும் காரியம் அங்கே வந்தபோது வேறொன்று நடந்தது. பணம் அனுப்பியவர்கள் தங்கள் பெயரையும் தொகையையும் ஒரு பட்டியலில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போவது வழக்கம். எட்டாவது வரியில் ஒருவர் பத்தாயிரம். ஒன்பதாவது வரியில், ஊரில் தையல் இயந்திரம் வைத்துப் பிழைக்கும் எங்கள் சின்ன மாமியார் இருநூறு ரூபாய். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவர் அந்தக் குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மகளுக்கு வளைகாப்பு நடந்த செய்தியே எங்களுக்கு வேறு வழியில்தான் தெரிந்தது. தொகையைப் பந்தியில் வைப்பது போல் வைத்ததால், ஒரு வீட்டின் செய்தி எங்களுக்கு வருவதே நின்றுபோனது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, தகப்பனை இழந்தவள், செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். முதலாண்டுக் கட்டணம் குழுவில் ஒரே மாலையில் சேர்ந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு அதே கோரிக்கையைப் போட்டபோது அது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் அடியில் போய்விட்டது. கொடுக்க மனமில்லாமல் யாரும் விடவில்லை. பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. ஆனால் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: மூன்றாம் ஆண்டிலும் இது நடக்குமா, நடத்த ஆள் இருக்குமா?

இந்தக் கேள்வியை அறக்கட்டளையிடம் கேட்டால் "நடக்கும்" என்றுதான் காகிதம் சொல்லும். என் தாய்வீட்டார் 2021இல் ஒன்றைப் பதிவு செய்தார்கள். நானும் நான்கு ஆண்டுகள் அறங்காவலராக இருந்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிந்தது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு பெற வருமான வரித்துறையில் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் 80ஜி அனுமதி. அன்றைய விதிப்படி முதலில் மூன்றாண்டுக்குத் தற்காலிகப் பதிவு, பிறகு மறுபடி விண்ணப்பித்து ஐந்தாண்டுப் பதிவு. ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். கணக்குப் பார்த்த எங்கள் சித்தப்பா ஒரு மே மாதம் மருத்துவமனையில் படுத்துவிட்டார். 23 நாள் தாமதம், 4,600 ரூபாய். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது.

80ஜி சலுகைக்காகத்தான் இத்தனையும் என்று தொடங்கினோம். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கள் இளைஞர்களில் பலர் மாறிவிட்டார்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் கொடுக்க வந்தபோது இன்னொரு கதவு மூடியது. அவர்கள் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனி அனுமதி வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். குடும்பம் நடத்தும் சிறிய அறக்கட்டளைக்கு அது எட்டாத உயரம். கடைசியில் எங்கள் கூட்டங்களில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்ற பேச்சே எழவில்லை, படிவங்களைப் பற்றித்தான் பேசினோம்.

வீடோ நிலமோ தருமத்துக்கு எழுதி வைக்க வேண்டுமானால் அறக்கட்டளைதான் வழி என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். எங்களிடம் அப்படிச் சொத்து இல்லாததால் அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை. கோயிலிலோ பள்ளியிலோ ஒரு தொகையை வைப்பாகக் கட்டி, வட்டியில் அன்னதானமும் பரிசும் நடத்துவது பழைய வழி. பராமரிப்பு ஏறக்குறைய இல்லை. வட்டி மட்டும் விலைவாசிக்கு ஈடுகொடுப்பதில்லை.

இனி கடிதம். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. இந்த நான்கு மாதங்களின் முதல் வாரத்தில் நாற்பது வீடுகளுக்கும் நான்கு பக்கக் கடிதம் போகும். ஊர் ஆறு வீடுகளுக்கும் வயதானவர்களுக்கும் அச்செடுத்துத் தபாலில், மற்றவர்களுக்கு மின்னஞ்சலில். முதல் இரண்டு பக்கம் வீட்டுச் செய்திகள்: பிறப்பு, படிப்பு, வேலை, நோய், யார் ஊருக்கு எப்போது வருகிறார்கள், கிணற்றில் எவ்வளவு தண்ணீர். மூன்றாம் பக்கம் அந்தக் காலாண்டின் தருமக் காரியம். நான்காம் பக்கம் போன காலாண்டில் நடந்ததன் கணக்கு.

காரியத்தை நடத்தும் முறையை எங்கள் ஊர்த் திருவிழாவின் மண்டகப்படியிலிருந்து எடுத்துக்கொண்டோம். நாளுக்கு ஒரு குடும்பம் சாமிக்குப் பொறுப்பேற்பது போல, காலாண்டுக்குப் பத்து வீடு. ஒரு வீட்டுக்கு ஆண்டில் ஒரு முறைதான் முறை வரும். அந்தப் பத்து வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பணம் யார் கையிலும் தங்காது. பொதுக் கணக்கும் கிடையாது. கட்டணம் நேரே கல்லூரிக்குப் போகும், தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். கொடுத்தவர் ரசீதை எனக்கு அனுப்புவார். கடிதத்தில் பத்து வீட்டின் பெயரும் அகர வரிசையில் வரும், தொகை வராது. பணம் இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு. விடுதியில் இருக்கும் பெண்ணை மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவருவது ஒருவர் பொறுப்பு. ஊரிலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களோடு துணைக்குப் போவது சென்னை வீடுகளின் பொறுப்பு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் வந்த மருத்துவமனை அது. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இழப்பு உண்டு. அதனால் அந்த முறை யாருக்கும் பாரமாகத் தெரிவதில்லை.

சின்ன மாமியாரின் முறை ஓர் ஐப்பசியில் வந்தது. ஊர் அரசுப் பள்ளியில் பதினொரு பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார். துணியை மற்ற ஒன்பது வீட்டார் வாங்கினார்கள். அந்தக் கடிதத்துக்கு அவர் அனுப்பிய வீட்டுச் செய்தி ஒரு முழுப் பக்கம் இருந்தது.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளைகள், அனுமதி ஏற்கெனவே வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அங்கிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் அவர்கள் முறையில் சேரும்.

என் மாமியார் விருதுநகரில் பிறந்தவர். அங்கே க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி போனதைத் தன் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார். காமராஜர் படித்த பள்ளி அது. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்துக் கலயத்தில் போடுவதற்குக் கூட்டமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். எங்கள் கடிதத்தை அவர் அந்தக் கலயத்தோடுதான் ஒப்பிடுவார்.

பராமரிப்பு என்று பார்த்தால் கடிதத்துக்கு ஆண்டில் எனக்கு எட்டு நாள் வேலை. அச்சும் தபாலும் சேர்ந்து ஒரு காலாண்டுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள். ஒரு முறை எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது கோவை மருமகள் எழுதினாள், கடிதம் நிற்கவில்லை. ஆனாலும் இது சில ஆண்டு அனுபவம்தான். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்குக் கடிதத்தை வாசித்துக் குரல் பதிவாக அனுப்புகிறோம். அவர்கள் பெரியவர்களானபின் இதைத் தொடர்வார்களா என்று என்னால் சொல்ல முடியாது. நாற்பது வீடு நூறு வீடானால் இதே முறை தாங்குமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அவசரச் செய்திக்கு வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. பட்டியல் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டோம். ஓரகத்தியின் தங்கையிடம் போன ஆண்டின் நான்கு கடிதங்களையும் கொடுத்தனுப்பினேன். அவர்களுடையது பதினெட்டு வீடு, முறைக்கு நாலைந்து வீடு வரும். செவிலியர் படிக்கும் எங்கள் பெண் இப்போது மூன்றாம் ஆண்டு முடிக்கிறாள். கடைசி ஆண்டுக் கட்டணத்துக்கு ஆகஸ்ட் 10 கெடு. ஆடிக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை அவளுக்காக எழுதி முடித்துவிட்டேன். முதல் பக்கத்துக்குச் சிங்கப்பூர் வீட்டுச் செய்தி மட்டும் இன்னும் வர வேண்டியிருக்கிறது.